மலையேற்ற வழிகாட்டி நூலை வாசிப்பது எப்படி?

கோலார் தங்கவயல் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இப்போது விடுமுறை நாட்களில் ராமநகரத்துப் பாறைகளில் ஏறுகிறார்கள். உத்தரகாசி, டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிலையங்களுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. பாட்டன்மார் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிய குடும்பங்கள். பேரப்பிள்ளைகள் மேலே போக ஆசைப்படட்டும். நான் மலையேறுபவன் அல்லன். ஆனால் 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை அளவைப் பிரிவில் வரைபடங்களோடு காலம் கழித்தவன். அந்தப் பழக்கத்தில் பேத்தியின் நூல்களைப் படித்துப் பார்த்ததில் தோன்றியவற்றை நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

இவ்வகை நூல்களுக்கு வயது அதிகம். ஜான் பால் எழுதிய ஆல்ப்ஸ் வழிகாட்டி 1863இல் வெளிவரத் தொடங்கியது. 1881இல் மார்ட்டின் கான்வே, செர்மாட் மலைகளுக்குச் சட்டைப்பையில் அடங்கும் நூல் ஒன்றைத் தந்தார். சுமந்து செல்லும் நூல் என்பதால் சொற்கள் சிக்கனம். ஒரு வரிக்குள் அரை நாள் உழைப்பு அடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்க வேண்டும்.

முதலில் இடது, வலது. "தாத்தா, புத்தகத்துல தப்பா போட்டிருக்கு. தபோவனம் இடது பக்கம்னு இருக்கு. கோமுகத்துல இருந்து மேலே போனா அது வலது கைப்பக்கம்தானே வரும்?" என்று கேட்டாள் பேத்தி. "ஆறு எந்தப் பக்கம் ஓடுது பாரும்மா" என்றேன். ஆற்றுக்கும் பனியாற்றுக்கும் கரை சொல்லும்போது, அது ஓடும் திசையைப் பார்த்து நின்றால் எது இடதோ அதுவே இடது கரை. கங்கோத்ரி பனியாற்றில் தபோவனம் இடது கரை, நந்தன்வனம் வலது கரை. எதிர்த்து ஏறுபவருக்கு இரண்டும் கை மாறித் தெரியும். ஆங்கில நூல்கள் இதை 'ட்ரூ லெஃப்ட்' என்று சொல்லும். சில நூல்கள் அதையும் சொல்லாது. பாறைச் சுவர் என்றால் கதை வேறு. அங்கே சுவரைப் பார்த்து நிற்பவரின் இடது, வலதுதான் கணக்கு. ஒரே பக்கத்தில் இரண்டு கணக்கும் கலந்து வரலாம். சுரங்கத்தில் ஹேங்கிங் வால், ஃபுட் வால் என்று சொன்னதும் இப்படித்தான். ரீஃபுக்கு மேற்புறம், கீழ்ப்புறம் என்று பொருள்; நாம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் பெயர் மாறாது.

அடுத்தது கடினத்தின் தரம். ஆல்ப்ஸ் நூல்களில் எஃப், பி.டி., ஏ.டி., டி., டி.டி., ஈ.டி. என்று பிரெஞ்சு எழுத்துகள் ஏறுவரிசையில் வரும். எஃப் என்றால் எளிது. யாருக்கு எளிது? கயிறும் பனிக்கோடரியும் பழகியவருக்கு. இந்த எழுத்து முழு மலைக்கும் உரியது: நீளம், தனிமை, ஆபத்து எல்லாம் சேர்ந்தது. ராமநகரத்தில் சொல்லும் '6ஏ' போன்ற எண் பாறையின் கடினத்தை மட்டும் சொல்வது. அங்கே ஆணி அடித்த பாறையில் 6ஏ ஏறிய பையன், பி.டி. நமக்கு விளையாட்டு என்று நினைத்தால் வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படத்தான் வேண்டும்.

நேரக் கணக்கும் அப்படியே. நூலில் '5 மணி' என்றிருந்தால், உடல் பழகிய இரண்டு மூன்று பேர் நல்ல நிலைமையில் எடுக்கும் நேரம் அது. பத்துப் பேர் குழுவுக்கு அல்ல. பெரும்பாலும் இறங்கும் நேரம் அதில் சேராது. 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக அடைந்தவர்கள் 7 பேர். இறங்கும்போது விழுந்து இறந்தவர்கள் 4 பேர். இறங்கும் வழியைப் பற்றிய பத்தி நூலில் கடைசியில் இருக்கும். அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் பார்ப்பது பதிப்பு ஆண்டு. சுரங்க வரைபடம் கைக்கு வந்தால் முதலில் மூலையில் உள்ள தேதியைத்தான் பார்ப்போம். அதற்குப் பிறகு பாறை வெடித்திருக்கும், வழி அடைபட்டிருக்கும். பாறை கூட ஓரளவு நிற்கும், பனி நிற்காது. கோமுகமே பல பத்தாண்டுகளாகப் பின்வாங்கி வருகிறது. பழைய நூல் சொல்லும் இடத்தில் பனியாற்றைக் கடக்க முடியாமல் போகலாம். புதிய நூலும் இன்றைய பனியைச் சொல்லாது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா மலையில் உத்தரகாசி நிலையத்தின் பயிற்சிக் குழுவில் 29 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். பயிற்சிக்கென்றே ஏறும் மலை அது. அன்றைய நிலைமையை அங்கிருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். திரும்பிவிடலாம் என்று குழுத்தலைவர் சொன்னால், நூலை நீட்டி வாதாடக் கூடாது.

பயிற்சிக்கு இமயம் வரை போக வேண்டியதில்லை. கோலார் ஊரை ஒட்டியே அந்தரகங்கை மலை இருக்கிறது. கல் நந்தியின் வாயிலிருந்து நீர் விழும் கோயில், அதற்கு மேலே உருண்டைப் பாறைகளும் குகைகளும். (வடக்கே பசுவின் முகம், இங்கே காளையின் வாய்!) வனத்துறை அனுமதியை விசாரித்துக்கொண்டு, பகலில், வழி தெரிந்தவர் ஒருவரோடு, டார்ச் விளக்குடன் போங்கள். கோயிலிலிருந்து ஒரு குகை வரை உள்ள வழியை ஒரு பிள்ளை பத்து வரிகளில் எழுதட்டும். அடுத்த வாரம் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளை நடக்கட்டும். எழுதியவர் வாய் திறக்காமல் பின்னால் வர வேண்டும். 'பெரிய பாறையில் திரும்பவும்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார்கள். அந்த மலையில் எல்லாமே பெரிய பாறைதான். என் பேத்தி மூன்றாம் முறை எழுதிய தாளில் திசைகாட்டி பார்த்துத் திசையும், காலடிக் கணக்கும், மேலே தேதியும் இருந்தன.