பெருநாள் வாழ்த்து அட்டையைக் கணினியில் நாமே தயாரிப்போம்

பெருநாள் நெருங்கினாலே கைப்பேசியில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிகின்றன. தங்க நிறப் பிறை, தொங்கும் விளக்கு, கீழே ‘ஈத் முபாரக்’. யாரோ செய்தது, யார் யாருக்கோ போனது, நமக்கும் வருகிறது. பார்த்தும் பாராமலும் அழித்துவிடுகிறோம். அதே வாழ்த்து காகித அட்டையில், நம் பெயரோடும் நமக்கென்றே எழுதிய இரண்டு வரியோடும் வந்தால் அலமாரியில் எடுத்து வைக்கிறோம். நம் டிரஸ்டின் கணினி வகுப்பில் இந்தப் பாடத்தைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். வகுப்பிற்கு வர இயலாத சகோதர, சகோதரிகளுக்காக அதை இங்கே தருகிறோம்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் போதும். ஏ4 தாளைப் (210 × 297 மி.மீ.) படுக்கைவசமாக வைத்து நடுவில் மடித்தால் அட்டை தயார். வெளிப்பக்கத்தில் வலது பாதிதான் முகப்பு. இடது பாதி பின்னட்டை. அரபியிலோ உருதுவிலோ முழு அட்டையும் அமைவதானால் இது தலைகீழாகும்: இடது பாதி முகப்பாகிவிடும்.

அரபி எழுத்தில் மிகுந்த கவனம் தேவை. அரபி எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவம் மாறுபவை. பழைய வடிவமைப்பு மென்பொருள்கள் சில இதை அறியாமல் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, இடமிருந்து வலமாகவும் திருப்பிப் போட்டுவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. ‘முபாரக்’ என்பதில் மீம், பா, அலிஃப் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ராவும் காஃபும் தனித்து நிற்க வேண்டும். ஐந்தும் பிரிந்து நின்றாலோ, மீம் இடப்பக்கக் கடைசியில் இருந்தாலோ அது பிழை. மக்தபில் ஓதும் பிள்ளையிடம் காட்டினால் போதும், ஒரு நொடியில் சொல்லிவிடும். அச்சகத்தாருக்கு அரபி தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குர்ஆன் வசனங்களை அட்டையில் அச்சிடாமல் இருப்பதே நல்லது என்பது நம் கருத்து. என்ன இருந்தாலும் ஒருநாள் அந்த அட்டை குப்பைக்குத்தான் போகும்.

அடுத்தது பெயர்கள். ஒவ்வோர் அட்டையிலும் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டாம். கால்க் அட்டவணையில் பெயர், அழைக்கும் முறை, ‘அவருக்கென ஒரு வரி’ என மூன்று பத்திகள் போட்டுக்கொண்டு, டூல்ஸ் மெனுவில் உள்ள மெயில் மெர்ஜ் விசார்டைக் கொண்டு இணைத்தால், நூறு பேருக்கு நூறு விதமான அட்டை வந்துவிடும். அழைக்கும் முறை என்பது சின்ன விஷயமல்ல. ஊரே காக்கா என்று கூப்பிடுபவருக்கு ‘அன்புள்ள திரு’ என்று போனால், அது வங்கிக் கடிதம் போலிருக்கும்.

மூன்றாவது பத்திதான் உழைப்பு கேட்பது. “தங்கள் ஆதரவிற்கு நன்றி” என்று எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டுவதானால் கணினியே வேண்டாம், ரப்பர் ஸ்டாம்ப் போதும். “நீங்கள் வாங்கித் தந்த தையல் இயந்திரம் இப்போது ஒரு வீட்டின் அடுப்பை எரிய வைக்கிறது” என்ற வரி, கொடுத்தவருக்கு மட்டுமே உரியது. யந்திரம் பெற்றவர் யார் என்பது அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். உதவி பெறும் பிள்ளைகளின் படத்தை முகப்பில் போட்டு நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தாயும் அந்த அட்டையை எங்காவது பார்க்க நேரும். நாம் அதைச் செய்வதில்லை.

பட்டியலைச் சென்ற ஆண்டிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். இடையில் மவுத்தானவர் பெயருக்கே வாழ்த்து போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டார் மனம் என்ன பாடுபடும்! இத்தாவில் இருக்கும் சகோதரிக்கு மகிழ்ச்சி பொங்கும் அட்டை வேண்டாம். அவருக்கு வண்ணமில்லாத வெள்ளைத் தாளில், துஆவோடு, கையாலேயே எழுதி அனுப்பலாம்.

முகப்புப் படத்திற்கு இணையத்தில் கிடைக்கும் துருக்கிப் பள்ளிவாசல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களுக்கு என்ன குறை? உங்கள் மஹல்லாப் பள்ளியையே காலை வெயிலில் கைப்பேசியால் படமெடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருந்தால் அச்சில் தெளிவாக வரும். பாதித் தாள் முகப்பிற்கு ஏறத்தாழ 1750 × 2480 பிக்செல்.

அச்சகத்திற்குப் பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். மூலக் கோப்பைக் கொடுத்தால், அங்குள்ள கணினியில் நம் தமிழ் எழுத்துரு இல்லாதபோது எல்லாம் இடம் மாறிவிடும். படம் விளிம்புவரை போகுமானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடவேண்டும், வெட்டும்போது வெள்ளைக்கோடு தெரியாது. உட்பக்கம் பளபளப்பில்லாத தாளாக இருக்கட்டும். பளபளப்பில் பேனா மை பிடிக்காது. கையெழுத்தை நாம் பேனாவால்தான் போடப்போகிறோம்.