நித்திய கருமமும் இல்லத்து இன்பமும்

உலகத்திலே பிறந்த மாந்தர் யாவரும் இன்பத்தை விரும்புகின்றனர். துன்பத்தை விரும்புவார் ஒருவருமில்லை. எனினும், அவ்வின்பத்தைப் பெறுதற்பொருட்டு அவர் செய்யும் முயற்சிகளை உற்றுநோக்குமிடத்து, அவை பெரும்பாலும் எப்போதோ ஒருகால் நிகழுஞ் செயல்களையே பற்றி நிற்றல் காணப்படும். மகளுக்கு நல்ல மணம் முடிந்தாற் சுகம் என்பர் ஒருவர். மகன் கடல்கடந்து சென்று பொருளனுப்பினாற் சுகம் என்பர் மற்றொருவர். கல்வீடு கட்டிக் குடிபுகுந்த பின்னரே சுகம் என்பர் வேறொருவர். மணமும் முடிகின்றது, பொருளும் வருகின்றது, வீடும் எழுகின்றது. சுகமோ அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகின்றது. கொடியேற்றத் திருவிழாவிலே தூக்குக்காவடி எடுத்து ஊரார் வியக்க வருபவர், மற்றை நாட்களிலே நெற்றியில் நீறின்றித் திரிதலும் இதனோடொப்பதோர் இயல்பேயாம்.

நமது சமய நூல்கள் கருமத்தை நித்தியம், நைமித்திகம், காமியம் என மூன்றாக வகுத்தன. நாடோறுந் தவறாது செய்யப்படுவது நித்தியம். விசேட காலங்களிலே செய்யப்படுவது நைமித்திகம். ஒரு பயனை இச்சித்துச் செய்யப்படுவது காமியம். இக்காலத்திலே நம்மவர்க்குக் காமியத்திலே உள்ள ஊக்கம் பெரிது. நைமித்திகத்திலும் குறைவில்லை, திருவிழாக்களிலே மேளக்கூட்டங்களின் தொகையும் மின்விளக்குகளின் தொகையும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வருகின்றன. தேய்ந்து போயினது நித்தியமே. 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள், சிறுவர்களின்பொருட்டுச் சைவவினாவிடை இயற்றியபொழுது, அதன் முதற்புத்தகத்திலேயே நித்திய கருமத்துக்கு ஓர் இயல் ஒதுக்கினார்கள். பாலப்பருவத்திலே பழகாதது பின்னர்ப் படியாது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

ஈண்டு ஓர் ஆசங்கை நிகழும். இன்பமுந் துன்பமும் முன்செய்த வினையின் பயனாகப் பிராரத்தமாய் வந்து பொருந்துவன என்று சித்தாந்தங் கூறுகின்றதன்றோ? அங்ஙனமாயின், வருவது வந்தே தீருமாதலால், அதிகாலையில் எழுவதாலும் நீறிடுவதாலும் இன்பம் எங்ஙனம் மிகும்? இவ்வினாவை இளைஞர் சிலர் எம்மிடம் நேரே கேட்டதுண்டு. விடை வருமாறு: பிராரத்தம் ஊட்டப்படுவது, அதனை நுகருங் காலத்து விருப்பு வெறுப்புக்களினாலே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். கூலி குறைந்தது பிராரத்தமாகலாம். அக்குறைவை எண்ணி மனைவியைச் சினந்து, பிள்ளையை அடித்து, அயலானைத் தூற்றி, அன்றிரவு உறக்கமின்றிப் புரண்டது பிராரத்தமன்று. அது நாமே புதிதாகத் தேடிக்கொண்டது. ஒரு வீட்டிலே ஒரு நாளில் நிகழுந் துன்பங்களைக் கணக்கிட்டுப் பார்ப்போமாயின், வந்து பொருந்தியது சிறிதும் நாம் கூட்டிக்கொண்டது பெரிதுமாயிருக்கும். இக்கூட்டலைத் தடுப்பதே நித்திய கருமத்தின் தொழில். அது துன்பத்தை விலக்கும் மந்திரக்கயிறன்று. துன்பம் வந்த பொழுது நாம் நிற்றற்கு இட்டுவைத்த திண்ணை.

இனி, நித்திரைவிட்டெழுதலை எடுத்துக்கொள்வோம். சூரியோதயத்துக்கு ஐந்து நாழிகைக்கு முன் எழுக என்பது விதி. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடமாதலால், ஐந்து நாழிகை இரண்டு மணி நேரமாம். யாழ்ப்பாணத்திலே ஆண்டு முழுவதும் ஆறு மணியை அடுத்தே பொழுது புலர்தலினால், ஏறக்குறைய நாலு மணிக்கு எழுதல் வேண்டும். தோட்டஞ்செய்த நம் முன்னோர்க்கு இது அரிதாயிருக்கவில்லை. துலா மிதித்துப் பட்டையால் நீரிறைக்கும் ஓசை விடியுமுன்னரே ஒழுங்கைகளிற் கேட்டது. அவர்கள் இரவு எட்டு மணிக்குப் பாயை விரித்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. பதினொரு மணி வரையுந் தொலைக்காட்சியின் முன்னிருந்துவிட்டு நாலு மணிக்கு எழ முயல்வோன் மூன்றாம் நாளிலே நோயுற்று, விதியையே பழிப்பான். எனவே, எழுதலைத் திருத்த விரும்புவோர் முதலிலே படுத்தலைத் திருத்துக. நாடோறும் ஒரே நேரத்திற் படுத்து ஒரே நேரத்தில் எழுதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்று என இக்கால வைத்தியரும் வற்புறுத்துகின்றனர். நாலு மணி இயலாதாயின், பொழுது புலருமுன் அரை மணி நேரமாயினும் எழுக. எழுந்தவுடன் கைத்தொலைபேசியைத் தேடுங் கை, அன்றைய நாளைப் பிறருடைய வழக்குகளுக்கும் வம்புகளுக்கும் ஒப்புக்கொடுத்துவிட்டதாகும். அக்கை முதலிலே விபூதிப் பையைத் தேடுவதாக.

விபூதிதாரண விதியை நேயர்கள் அறிவர். கிழக்கையாயினும் வடக்கையாயினும் நோக்கியிருந்து, நிலத்திலே சிந்தாவண்ணம் முகத்தை நிமிர்த்தி, சிவசிவ என்று சொல்லி, வலக்கையின் நடுவிரல் மூன்றினாலும் தரித்தல் வேண்டும். பஞ்சாக்ஷர செபத்தைத் தீக்ஷை பெற்றோர் தத்தம் ஆசாரியர் உபதேசித்தவாறே செய்க. இவற்றை விரித்தல் ஈண்டு எமது கருத்தன்று. "இவையெல்லாம் பொருளுணராது செய்யும் வெறும் பழக்கமன்றோ" என்னுங் குறைகூறலுக்கே சிறிது மறுமொழி கூறல் வேண்டும்.

சாக்கிய நாயனாருடைய சரித்திரத்தை நினைக்க. அவர் காஞ்சிநகரிலே புத்த வேடத்தோடிருந்து சிவனையே பொருளெனத் தெளிந்தவர். ஒருநாள் வெளியிலே ஒரு சிவலிங்கத்தைக் கண்டு, களிப்பு மிகுதியாலே தாஞ் செய்வது இன்னதென்றறியாது, அருகிற் கிடந்த ஒரு கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள் அதனைச் சிந்தித்து, அச்செயல் திருவருளாலே நிகழ்ந்ததென்று கொண்டு, அதனையே தமக்கு நியமமாக்கினார். நாடோறும் கல்லெறியாமல் உண்பதில்லை. ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்தவுடனே கலத்தை விட்டெழுந்து ஓடிப்போய்க் கல்லெறிந்தார். அன்றே இறைவர் அவருக்குக் காட்சி கொடுத்தருளினார். முதல்நாட் கல்லை எறிந்தது களிப்பு; இடைநாட்களிலே எறிந்தது நியமம்; கடைநாளிலே பசியோடு ஓடச்செய்தது அன்பு. இடைநாட்கள் இல்லையாயின், முதல்நாட் களிப்பு அன்றே அவிந்திருக்கும். வெறும் பழக்கம் என்று இகழப்படும் அவ்விடைநாட்களிலேதான் அன்பு வேரூன்றுகின்றது. தாய் பிள்ளைக்கு நாடோறுஞ் சோறூட்டுகின்றாள். ஒவ்வொரு கவளத்தையும் உள்ளமுருகி ஊட்டுகின்றாளா என்று யாரும் வினாவுவதில்லை.

இனி, உணவுபற்றிய ஒரு வழக்கத்தைக் குறித்து விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். அது பிடியரிசி. சோறாக்க அரிசியை அளந்தெடுத்தபின், களையுமுன், அதிலிருந்து ஒரு பிடியை மீட்டெடுத்து வேறொரு பானையில் இடுதலே அது. முன்னாளிலே யாழ்ப்பாணத்து வீடுகளின் அடுக்களையில் இப்பானைக்கு ஓரிடமிருந்தது. பானை நிறைந்தபொழுது அவ்வரிசி கோவிலுக்கோ, மடத்துக்கோ, ஊர்ச் சைவப் பாடசாலைக்கோ போயிற்று. வீட்டிலே குறைந்ததை உண்போர் அறிவதில்லை. ஊரிலே நிறைந்ததை யாவரும் அறிந்தனர். ஒரு பிடியை 30 கிராமெனக் கொண்டு, நாளுக்கு ஒருமுறை இடினும், ஓராண்டிலே ஒரு வீட்டிற் சேர்வது ஏறக்குறைய 11 கிலோவாம். நூறு வீடுள்ள ஒரு குறிச்சியிலே ஆயிரத்து நூறு கிலோ ஆயிற்று. பெருந்தனவான் ஒருவரிடம் நன்கொடைக்குப் போய் வாயிலிற் காத்திருந்து திரும்பும் சபையார் இக்கணக்கைச் சிந்திப்பாராக.

ஆயினும் கணக்கன்று இதன் சிறப்பு. இவ்வழக்கம் நாம் செல்வராகும்வரை காத்திருப்பதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசல் விட்டுப் புறப்பட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றதை அறியாதார் இலர். யாமும் அக்கூட்டத்தில் ஒருவரேம். அங்கே ஒரு பாடசாலை மண்டபத்திலே பல குடும்பங்கள் வாங்குகளை எல்லையாக இட்டுக்கொண்டு தங்கினோம். எமக்கு அடுத்திருந்த முதியவளொருத்தி, நிவாரணமாகக் கிடைத்த அரிசியை அளந்து, ஒரு பிடியை எடுத்துப் பால்மாத் தகரமொன்றிலே இட்டாள். "ஆச்சி, இங்கே யாருக்கு இந்தப் பிடியரிசி? நாங்கள்தானே வாங்கி உண்பவர்கள்" என்று யாம் கேட்டோம். "நேற்று வந்தவை நாங்கள், தம்பி. நாளைக்கு வாறவை இருப்பினமெல்லோ" என்றாள். அவ்வாறே நாலு நாட்கழித்துக் கைக்குழந்தையோடு ஒரு பெண் இரவிலே வந்து சேர்ந்தாள். பதிவு முடிந்து அவளுக்கு அரிசி கிடைக்க இரண்டு நாளாயிற்று. அவ்விரண்டு நாளும் அவளை உண்பித்தது அத்தகரமே. அம்மண்டபத்திலே எல்லாரும் இழந்தவற்றையே பேசிக்கொண்டிருந்தோம். கொடுப்பதற்குத் தன்னிடம் ஒன்றுண்டு என்றிருந்தவள் அவளொருத்தியே. அவள் முகத்திலிருந்த அமைதியை யாம் கல்வீடுகளிலே அதிகங் காணவில்லை.

பட்டினத்து வீடுகளில் அரிசிப்பானை இல்லையென்பர் சிலர். பிடியரிசிக்குப் பதிலாகச் சில்லறையை ஓர் உண்டியலில் இடலாம். ஆனாற் பிள்ளைகள் காண இடுக. இயலுமாயின் அவர்கள் கையாலேயே இடுவிக்க.

சந்தியா காலத்திலே விளக்கேற்றுதலும் திருமுறை ஓதுதலும் அடுத்துச் சொல்லத்தக்கன. கோவிலிலே பூசை முடிவிற் பஞ்சபுராணம் ஓதுகின்றோம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்பன. வீட்டிலே ஐந்தும் வேண்டுமென்பதில்லை. தேவாரப் பதிகம் ஒன்று பண்ணோடு பாடப்படின் அமையும். பாடத் தெரியாதவர் வாசிக்க. எமது அயலிலுள்ள கோவிலொன்றிலே வைகறையிலும் மாலையிலும் ஒலிபெருக்கி பத்திப்பாடல்களை ஊரெங்கும் முழக்குகின்றது. அவற்றுட் பல சினிமா மெட்டுக்களிலமைந்தவை. அவ்வொலி எட்டும் வீடுகளுள் எத்தனை வீட்டிலே ஒரு பிள்ளை வாய்திறந்து ஒரு தேவாரம் பாடுகின்றது என்று நோக்கினால் வருத்தமே மிஞ்சும். இயந்திரம் நமக்காகப் பாடும், நமக்காக உருகாது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மின்சாரம் நெடுநேரம் நிறுத்தப்பட்டது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரையும் மின்சாரமில்லாதிருந்தது. அம்மாலைப்பொழுதுகளில் வீட்டார் யாவரும் ஒரு விளக்கைச் சூழ வந்திருந்தனர். தனித்தனி அறைகளிலிருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். அக்காலத்தின் துன்பத்தை யாம் சிறிதாக்குகின்றோமல்லோம். எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் பட்ட அல்லல் பெரிது. ஆயினும் மின்சாரம் வந்தவுடனே அவ்வொரு விளக்கையும் அணைத்துவிட்டு அறைகளுக்குத் திரும்பியது எவருடைய கட்டளையினாலும் அன்று. அதனை நாமே செய்தோம்.

நம் ஊர்க் கோவில்களிலே கந்தபுராண படனம் நிகழுமாற்றை முதியோர் அறிவர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார்; மற்றொருவர் பயன்சொல்லுவார்; பல நாள் தொடர்ந்து நடக்கும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்துக் கலாசாரத்தைக் கந்தபுராண கலாசாரம் என்றமைக்கு இதுவே காரணம். இதனை வீட்டுக்கேற்பச் சுருக்கிக்கொள்ளலாம். விளக்கின் முன்னே தந்தையாவது தாயாவது பெரியபுராணத்திலே ஒரு சரித்திரத்தின் ஒரு பகுதியை வசனமாகச் சொல்லுக. எஞ்சியது நாளைக்கு என்று நிறுத்துக. பிள்ளை மறுநாள் தானே வந்து விளக்கின் முன்னிருக்கும்.

முடிவாக, எமக்கு வந்த கடிதங்களிலே கேட்கப்பட்ட இரண்டுக்கு மறுமொழி கூறுகின்றோம். நோயினாலே முழுகவியலாதவர் என் செய்வது என்பது ஒன்று. அவர் கழுத்தின்கீழாயினும் அரையின்கீழாயினும் முழங்காலின்கீழாயினும் நீராற் கழுவி, எஞ்சிய உறுப்புக்களை ஈரவஸ்திரத்தினாலே துடைத்து, உலர்ந்த வஸ்திரந் தரித்து, விபூதி அணிக. வைத்தியசாலைக் கட்டிலிற் கிடப்போர்க்கு நீறணிந்து மனத்தினாலே நினைத்தலே அமையும். தாயுந் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டிலே இவையனைத்துக்கும் நேரமேது என்பது மற்றொன்று. அனைத்தையும் ஒருநாளிலே தொடங்கற்க. அங்ஙனந் தொடங்கியோர் பெரும்பாலும் தைப்பொங்கலன்று தொடங்கி மாசி பிறக்குமுன் விட்டோராவர். மாலை விளக்கு ஒன்றை மாத்திரம் முதலிற் கொள்க; யார் முதலில் வீடு சேர்கின்றாரோ அவர் ஏற்றுக. மூன்று மாதஞ் சென்றபின், அது ஏற்றப்படாத நாளிலே பிள்ளை "ஏன் இன்றைக்கு விளக்கில்லை" என்று கேட்குமாயின், அப்பொழுது அடுக்களையிலே பிடியரிசிப் பானையை வைக்கலாம்.