தோட்டத்து வீட்டிற்குச் சூரிய மின்சாரம்

வெயில் இலவசம். ஆனால் வெயிலை மின்சாரமாக்கித் தரும் பேனலும் பாட்டரியும் இன்வெர்ட்டரும் இலவசமல்ல. ஊருக்கு வெளியே தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயப் பெருமக்கள் பலர், கடைக்காரர் சொன்ன அளவில் ஓர் அமைப்பை வாங்கி மாட்டிவிட்டு, ஓராண்டு கழிந்ததும் "சோலார் எல்லாம் சரிப்பட்டு வராது" என்று சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். பெரும்பாலும் பழுது பொருளில் இருப்பதில்லை. தேவையைக் கணக்கிடாமல் வாங்கியதும், இடம் பாராமல் மாட்டியதும், பாட்டரியைக் கவனியாமல் விட்டதுமே காரணம். ஆகவே பணம் கட்டும் முன்னர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கு காண்போம். பம்புசெட்டுக்கான சூரிய மின் அமைப்பு தனி விஷயம்; இங்கே சொல்வதெல்லாம் வீட்டுக்கு மட்டுமே.

எந்த வகை நமக்கு ஏற்றது?

வீட்டுக்கான அமைப்பு இரு வகைப்படும். முதல் வகையில் பாட்டரி கிடையாது. பேனலில் உண்டாகும் மின்சாரம் வீட்டுத் தேவைக்குப் போக, மீதி மின்வாரியக் கம்பிக்குச் செல்லும். போவதையும் வருவதையும் ஒரே மீட்டர் கணக்கிடும். இரண்டாவது வகை, பகலில் பாட்டரியில் சேமித்து இரவில் எடுத்துக்கொள்வது.

முதல் வகையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. மின்தடையின்போதும் வீட்டில் விளக்கு எரியும் என்று நம்பியே பலர் இதை வாங்குகின்றனர். அப்படி எரியாது. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இந்த இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. அவ்வாறு நிற்காவிட்டால், மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு நம் வீட்டுக் கூரையிலிருந்து செல்லும் மின்சாரமே எமனாகிவிடும். எனவே இது குறையன்று, பாதுகாப்பு.

மின்கட்டணம் அதிகம் வரும் வீட்டிற்கு முதல் வகை நன்று. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தரும். 2 கிலோவாட் அமைத்தால் இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 480 யூனிட். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றிற்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. விண்ணப்பிக்கும் முன்னர் நடப்பு மானிய விவரத்தையும் கட்டண விகிதத்தையும் அருகிலுள்ள மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

ஆனால் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியுமாக, இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அறிமுகமான சலுகைக்குள்ளேயே அடங்கிவிடும் வீட்டிற்கு இந்த முதல் வகையால் மிச்சமாவது எதுவுமில்லை. கட்டணமே கட்டாதவர் கட்டணத்தைக் குறைப்பதற்காகக் கடன் வாங்குவது எதற்கு? அத்தகைய வீட்டில் உண்மையான குறை, பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் மின்சாரம் நிற்பதும், இரவில் பாம்பு பூச்சிக்கு அஞ்சி வாசலில் விளக்கில்லாமல் இருப்பதும்தான். அதற்குத் தீர்வு பாட்டரியுள்ள சிறிய அமைப்பே. இனி அதைப் பற்றியே விரிவாகப் பார்ப்போம்.

தேவையைக் கணக்கிடும் முறை

ஒவ்வொரு சாதனத்தின் வாட் அளவையும் அது ஓடும் மணி நேரத்தையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, தினம் 5 மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. 30 வாட் எடுக்கும் புதுவகை மின்விசிறி இரண்டு, இரவு 8 மணி நேரம் ஓடினால் 480. தொலைக்காட்சி 60 வாட், 3 மணி நேரத்திற்கு 180. கைப்பேசிகளுக்கு 20 என வைத்துக்கொள்வோம். மொத்தம் 860 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டிற்கும் குறைவு.

மின்விசிறி பழைய 75 வாட் வகையாக இருப்பின் அதற்கு மட்டும் 1200 வாட்-மணி ஆகிவிடும். கூடுதலாக வேண்டிய 720 வாட்-மணிக்காகப் பெரிய பேனலும் பெரிய பாட்டரியும் வாங்குவதைவிட, முதலில் இரண்டு மின்விசிறிகளை மாற்றிவிடுவது எவ்வளவோ சிக்கனம்.

இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 860 வாட்-மணிக்குப் பாட்டரியிலிருந்து சுமார் 1010 வாட்-மணி எடுக்க வேண்டிவரும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் 1800 வாட்-மணி அடங்கும். ஆனால் ஈய-அமிலப் பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறையும். ஆகவே இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்துக்கொள்வது நல்லது. அப்போது ஒரு நாள் தேவைக்குத் தாராளமாகவும், மழை மூட்டமான மறுநாளுக்குச் சற்று இழுத்துப் பிடித்தும் வரும். லித்தியம் பாட்டரியாயின் 80 விழுக்காடு வரை எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை, விலைதான் கூடுதல்.

எடுத்த 1010ஐத் திரும்ப நிரப்பச் சுமார் 1260 வாட்-மணி தேவை. பாட்டரி உள்வாங்கும்போதும் இழப்பு உண்டென்பதே இதற்குக் காரணம். 500 வாட் பேனல் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 வாட்-மணி தரும். மீதமாகும் 740 வீண் என எண்ண வேண்டாம். மூட்டமான நாளில் இறங்கிய பாட்டரியை மீட்டெடுப்பது அந்த மீதம்தான்.

அயர்ன் பாக்ஸ், மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை இந்த இணைப்பில் சேர்க்கக் கூடாது.

இடம், சாய்வு, நிழல்

பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். தமிழ்நாடு 8 முதல் 13½ பாகை வட அட்சத்தில் உள்ளதால் 10 முதல் 13 பாகை வரை சாய்வு போதும். 2 மீட்டர் நீளப் பேனலை 12 பாகையில் சாய்க்க, வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட 42 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் சரி. கொத்தனாரிடம் பாகையைச் சொல்வதைவிட இந்த அளவைச் சொல்லிவிடலாம். சாய்வே இல்லாமல் படுக்க வைத்தால் மழை நீர் தேங்கிப் புழுதி படியும்.

நிழலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பேனலில் உள்ள சிறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை வரை தண்ணீர் குறைவதுபோல, ஒரு செல்லின்மீது நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் உற்பத்தி குன்றும். ஒரே ஒரு தென்னை மட்டையின் நிழல் போதும்.

ஒரு விவசாயியின் வீட்டில் ஆனி மாதத்தில் பேனல் மாட்டினார்கள். ஐந்து மாதம் குறையின்றி ஓடியது. மார்கழியில் இரவு பத்து மணிக்கே விளக்கு அணையத் தொடங்கியது. பாட்டரி கெட்டுவிட்டது என்று சொல்லப்பட்டதை நம்பி அவர் புதிய பாட்டரி வாங்கினார். எள் விற்ற பணம் முழுவதும் அதற்கே போயிற்று. பிறகும் அதே நிலைதான். நாங்கள் சென்று பார்த்தபோது மாடியின் மீது பேனலுக்குத் தெற்கே ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டி நின்றது. சித்திரையிலிருந்து ஆவணி தொடக்கம் வரை நம் பகுதியில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். தொட்டியின் நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடுவதால் அதே தொட்டியின் நிழல் நண்பகலில்கூட ஒரு மீட்டர் வடக்கே நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். பேனலை மூன்று மீட்டர் தள்ளி வைத்ததும் குறை நீங்கியது. பழைய பாட்டரியில் பழுதே இல்லை, ஆனால் அது அதற்குள் கைமாறிவிட்டது.

ஆகவே எந்த மாதத்தில் மாட்டினாலும் மார்கழி நிழலை மனதிற்கொண்டே இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். தெற்குப் பக்கத்தில் இளந்தென்னை இருந்தால் பத்தாண்டுக்குப்பின் அது எவ்வளவு உயரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பேனலின் ஆயுள் 25 ஆண்டு.

ஓட்டு வீட்டின் மீதும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மீதும் பேனலை ஏற்ற வேண்டாம். வாசலில் தூண் நிறுத்தித் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில் மாட்டலாம். ஆள் உயரத்திற்கு மேல் வைப்பது அவசியம். தாழ வைத்தால் ஆடு ஏறிவிடும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. தென்னைகளையே வேரோடு சாய்த்த 2018 நவம்பர் கஜா புயலைக் கண்ட டெல்டா மாவட்டத்தினருக்குக் காற்றின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. பேனலின் அடியில் புகும் காற்று அதைப் பட்டம்போலத் தூக்கும். தூணுக்குக் கான்கிரீட் அடித்தளம் இடுவதில் சிக்கனம் கூடாது. சட்டத்திற்கும் இடிதாங்கிக்கும் தனித்தனியே நில இணைப்பு தர வேண்டும்.

வெயில் கூடினால் மின்சாரமும் கூடுமா?

ஒளி கூடினால் கூடும். வெப்பம் கூடினால் குறையும். செல்லின் வெப்பம் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. கத்திரி வெயிலில் பேனல் 65 பாகை வரை சூடேறும்போது இவ்வாறே 16 விழுக்காடு போய்விடும். எனவே வானம் தெளிந்து காற்றும் குளிர்ந்திருக்கும் மாசி மாதத்தில் நல்ல உற்பத்தி கிடைப்பதைக் கண்டு வியப்படைய வேண்டாம். பேனலின் அடியில் காற்றோட்டத்திற்கு இடம் விடுவதும் இதற்காகவே.

பராமரிப்பு

பேனலை அதிகாலையில், அது சூடேறும் முன்னர், மென்துணியால் கழுவ வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியின் மீது குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் காணலாம். உப்புச் சுவையுள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு தங்கும். அது நாளடைவில் புழுதியைவிடக் கேடு. பிடித்து வைத்த மழை நீர் இருந்தால் அதுவே சிறந்தது. களத்திற்குப் பக்கத்தில் பேனல் இருப்பின், கதிரடிப்பு முடிந்தபின் ஒருமுறை கழுவிவிடுங்கள். பேனலின் மீது கால் வைக்கக் கூடாது.

வெளிச்சம் உள்ளவரை பேனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறுத்தும் விசை கிடையாது. மின்சாரம் ஓடும்போது பேனல் இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு எரியும், அணையாது. கம்பியைத் தொட நேர்ந்தால் மெக்கானிக்கை அழைத்து, பேனலைக் கெட்டியான தார்பாய் கொண்டு முழுவதும் மூடியபின் செய்யச் சொல்லுங்கள்.

பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ, குடிப்பதற்காக வடிகட்டிய நீரோ ஆகாது. அவற்றிலுள்ள தாதுக்கள் தகடுகளைக் கெடுக்கும். அளவு குறைந்துவிட்டதென்று அமிலம் ஊற்றுவது பெருந்தவறு. நீர்தான் ஆவியாகிறது, அமிலம் அல்ல. மாதம் ஒருமுறை நீர் மட்டத்தைப் பார்த்து, முனைகளைத் துடைத்து வாசலின் தடவி வைத்தால் பூக்காது. வேலை ஏதுமின்றிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பாட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.1 காட்டினால் பாதி. இந்த அளவைக் காட்டும் சிறிய மீட்டரை வாங்கி வீட்டுப் பெண்களிடம் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். இரவில் எந்த விசையை முதலில் அணைப்பது என்பதை அவர்களே சரியாக முடிவு செய்வார்கள்.

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. படுக்கையறையிலோ மூடிய அலமாரியிலோ வைக்காமல், காற்றோட்டமான திண்ணையில், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும். பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது. அமிலம் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி நிறைய நீர் விட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஈய-அமிலப் பாட்டரி நல்ல கவனிப்பில் ஐந்தாண்டு அளவில் உழைக்கும். ஓய்ந்த பாட்டரியிலுள்ள அமிலத்தை வரப்போரத்திலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். அதிலுள்ள ஈயம் மண்ணிலும் குடிநீரிலும் தங்கிவிடும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். ரசீதில் அந்தத் தொகையைத் தனியே எழுதி வாங்குங்கள்.