மாரிக்கு முன் சிலிண்டரைப் பிரியுங்கள்: கரையோர விவசாயிகளுக்குச் செப்டெம்பர் ஆலோசனை

சிறுபோக வெட்டு முடிந்து வட்டைகள் காய்ந்து கிடக்கின்றன. ஒக்டோபரில் பெரும்போக வேலை தொடங்கிவிட்டால் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் டிரெக்டர்களுக்கு ஓய்வில்லை, கராஜ்களில் இடமும் கிடைக்காது. டிப்பர் பெட்டியின் சிலிண்டரோ வெட்டு மெசினின் முன்பகுதியைத் தூக்கும் சிலிண்டரோ ஒயில் கசிந்தால் இப்போதே சீல் மாற்றுங்கள். மழை விழுந்தபின் முற்றத்தில் பிரித்தால் ஈரமும் மண்ணும் உள்ளே போய்விடும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபின், முழுச் சிலிண்டர் வாங்குவதைப் பலரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. சீலை மட்டும் மாற்றினால் செலவு அதில் சிறு பங்குதான்.

பெட்டியை முழுதாக இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை மேலும் கீழும் பலமுறை அசைத்து அழுத்தத்தை விடுங்கள். பெட்டி உயர்ந்து நிற்கத்தான் வேண்டுமென்றால் இருபுறமும் தடித்த மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஜக்கை நம்பி அடியில் போகவே கூடாது.

வெளிப்புறத்தை டீசலால் கழுவித் துடைத்தபின் திறவுங்கள். மூடியில் இரண்டு துளைகள் இருந்தால், தட்டை இரும்பில் அதே இடைவெளியில் இரண்டு போல்ட்டுகளைப் பூட்டினால் அதுவே ஸ்பெனர். உளியால் தட்டினால் துளை சிதைந்து, அடுத்த முறை கழற்றவே முடியாது. ரொட்டைக் கையால் இழுங்கள். காற்று அடித்தால் பிஸ்டன் பாய்ந்து ஆளை அடிக்கும். இறுகிய மூடியைக் காஸ் நெருப்பால் சுடவும் வேண்டாம்; அடைபட்ட ஒயில் வெடிக்கும்.

ஒவ்வொரு சீலையும் கழற்றுமுன் போனில் படமெடுங்கள். சீலின் உதடு ஒயில் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் நாளே கசியும். பழைய சீல் ஊதியிருக்கும், ஆகவே அளவைப் பள்ளத்தில் எடுங்கள். புதியதைச் சுடுநீரில் சற்று ஊறவைத்து, துடைத்து, ஒயில் பூசி, விரலால் மடித்து இறக்குங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், வழவழப்பான மரக்குச்சி போதும். மரை சீலை வெட்டாதபடி அதன்மேல் மெல்லிய பொலித்தீனைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பெரிய எதிரி உப்புக் காற்று. மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, வெளியே நீட்டி நிற்கும் ரொட்டின் குரோமை அது அரித்துவிடும். நகத்தால் தடவுங்கள். நகம் தட்டுப்படும் குழியோ வளைவோ இருந்தால் லேத்துக்குக் கொண்டுபோங்கள். அதன்மேல் புதுச் சீல் போடுவது வீண் செலவு. மெசினை நிறுத்தும்போது ரொட்டை உள்ளே இழுத்து, வெளியே தெரியும் பகுதிக்குக் கிறீஸ் பூசுங்கள்.

பூட்டியபின் பாரமின்றி மெதுவாகப் பலமுறை தூக்கி இறக்கிக் காற்றை வெளியேற்றி, ஒயிலை நிரப்புங்கள். கசிவை ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள், கார்ட்போட் மட்டையைப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். காயம் சிறு புள்ளியாகத் தெரியும், வலியும் குறைவாக இருக்கும், ஆனால் சில மணி நேரத்தில் விரலே போகலாம். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். ஹைட்ரோலிக் ஒயில் ஏறிவிட்டது என்பதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.