துப்பாக்கி வேட்டும் செவிப் பாதுகாப்பும்

மாணவர்களே! சுதந்திர தினத்தில் கொழும்பு வெளிச்சவீட்டருகே கடற்படையினர் 25 மரியாதை வேட்டுகளைத் தீர்ப்பது மரபு. பீரங்கி மட்டுமன்றி, றைபிள் வேட்டும் செவிக்கு ஊறு விளைவிக்கும்.

வினா: றைபிள் சுடுபவர் எத்தகைய செவிக்காப்பைத் தெரிவு செய்ய வேண்டும்? காரணம் தருக.

விடை:
1. றைபிள் வேட்டின் உச்ச ஒலிமட்டம் பொதுவாக 140 டெசிபெலைத் தாண்டும். ஒரே வேட்டும் உட்செவியின் மயிர்க்கலங்களை அழிக்கலாம். அவை மீண்டும் வளரமாட்டா.
2. வெறும் பஞ்சு போதாது. நுரைச் செருகியை உருட்டி, காது மடலை மேலே இழுத்து, ஆழமாகச் செருக வேண்டும்.
3. செருகியின் மேல் காதுறையும் அணிவதே சிறந்தது.
4. இலத்திரனியல் காதுறை கட்டளையைக் கேட்கவிட்டு வேட்டொலியைத் தணிக்கும்.

கவனிக்க: 30, 25 டெசிபெல் காப்புகளைச் சேர்த்தணிந்தால் 55 கிடைக்காது, ஏறத்தாழ 35 மட்டுமே. ஏனெனில் ஒலி மண்டையோட்டு என்பு வழியாகவும் உட்செவியை அடையும்.

தீபாவளி வெடிக்கும் இது பொருந்தும். வெடித்தபின் காது இரைந்தால் அது எச்சரிக்கை, அலட்சியம் செய்யாதீர்கள்.