எட்ட நின்று கிட்டப் பார்ப்போம்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்கு அருகே உள்ள சிற்றூர் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவு. அங்குள்ள ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆயினும் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால், நவம்பர் முதல் மார்ச் வரை அதன் நீரில் நிற்கும் மரங்கள் பறவைகளால் வெண்மையாகிவிடும். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, நத்தைக்குத்தி நாரை எனப் பல இனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றன.

இப்பறவைகளைப் பல தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் அவ்வூர் மக்களே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. அந்நீர் பாயும் வயலில் நெல் செழிக்கும் என்பதை உழவர்கள் அனுபவத்தில் கண்டறிந்திருந்தனர். வெள்ளைக்காரப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்து மூலமாகவே அவர்களுக்கு அளித்தார். 2022-இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

இன்று அங்கே துப்பாக்கியுடன் வருவோர் இல்லை. பார்க்க வருவோரே வருகிறார்கள். அவர்கள் பறவைக்கு எவ்வளவு அருகில் செல்லலாம்? இந்தக் கேள்விக்கு இயற்பியலைக் கொண்டு விடை காண முயல்வோம்.

நெருங்கினால் என்ன ஆகும்?

முட்டைக்குள் குஞ்சு வளர, நம் உடல் வெப்பநிலையை ஒட்டிய வெப்பம் தேவை. வெப்பம் குறைந்தால் வளர்ச்சி தடைப்படும். அளவு மீறினால் கரு இறந்துவிடும். நண்பகல் வெயிலில் நாரை சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்குக் குடை பிடிப்பதைக் காணலாம். மனிதர் மிக நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சி எழுந்து பறக்கும். அப்போது கூடு நேர் வெயிலில் காயும். காத்திருக்கும் காகம் முட்டையைக் கொத்திச் செல்லும். நமக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. கூட்டுக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

கண்ணின் எல்லை

நத்தைக்குத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் சுமார் 68 செ.மீ. 100 மீட்டர் தொலைவில் அது நிற்கும்போது, நம் கண்ணில் அது ஏற்படுத்தும் கோணம் 0.4 பாகைக்கும் சற்றுக் குறைவு. முழுநிலவின் குறுக்களவு ஏற்படுத்துவது ஏறத்தாழ 0.5 பாகை. அதாவது அந்த நாரை நிலவைவிடச் சிறியதாகவே தோன்றும்!

வளர்ந்த நத்தைக்குத்தி நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் நிற்கும். இந்த இடைவெளி சுமார் 6 மி.மீ. இளம் பறவைக்கு இது இராது. ஆகவே இந்த இடைவெளியைக் கண்டால் பறவை வளர்ந்ததா, இளையதா என்று கூறிவிடலாம். ஆனால் அதை எவ்வளவு தொலைவிலிருந்து காண முடியும்?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குக் கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைத்தான் தனித்தனியே பிரித்தறியும். 100 மீட்டர் தொலைவில் இக்கோணம் 3 செ.மீ. அளவைக் குறிக்கும். எனவே 6 மி.மீ. இடைவெளியைக் காண நாம் 20 மீட்டர் வரை நெருங்க வேண்டும். அதற்குள் பறவை எழுந்து பறந்துவிடக்கூடும்.

8 × 40 என்பதன் பொருள்

பைனாகுலரின் மீது 8 × 40 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் கோண உருப்பெருக்கம். 100 மீட்டரில் உள்ள பறவை, 100-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 12.5 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். இப்போது கண் பிரித்தறியும் அளவு 3 செ.மீ. அன்று, 4 மி.மீ.-க்கும் குறைவு. அலகின் இடைவெளி தெரிந்துவிடும்! நடந்து செல்ல வேண்டிய 80 மீட்டரை லென்சுகளே கடந்துவிட்டன. பறவையோ கூட்டிலேயே அமர்ந்திருக்கிறது.

இரண்டாம் எண், பொருளருகு லென்சின் விட்டம் 40 மி.மீ. என்பதைக் காட்டுகிறது. 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மி.மீ. கருவியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் இதுவே. பகலில் நம் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அந்தி மங்கலில் விரியும். ஆகவே 8 × 25 கருவி பகலுக்குப் போதும். பறவைகள் கூடு திரும்பும் அந்திக்கு 8 × 40 ஏற்றது.

பொருளருகு லென்சு தலைகீழான பிம்பத்தை அல்லவா தரும்? நாரை நேராகத் தெரிவது எப்படி? ஒவ்வொரு குழலிலும் இரண்டு செங்கோண முப்பட்டகங்கள் உள்ளன. அவற்றில் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து பிம்பத்தை நேராக்குகிறது. ஒளிப்பாதை மடிக்கப்படுவதால் குழலின் நீளமும் குறைகிறது. இந்த அமைப்புக்கு இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்றார்.

பார்க்கும் முறை

1. கருவி, பறவையைப் போலவே நம் கை நடுக்கத்தையும் 8 மடங்கு பெருக்கும். முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரிலோ மரத்திலோ ஊன்றிக்கொள்ளுங்கள்.

2. காலையும் மாலையும் செல்லுங்கள். நண்பகலில் சூடான காற்று எழும்பும்போது அதன் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். ஒளி பலவாறு விலகிப் பிம்பம் அலையும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் இந்த அலைவும் கூடுமே தவிரத் தெளிவு கூடாது.

3. சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். கருவி வழியே சூரியனை ஒருபோதும் பார்க்கக்கூடாது. குவியும் ஒளி விழித்திரையை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

4. ஏரிக்கரைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். கை தட்டி, கூச்சலிட்டுப் பறவைகளை எழுப்புவோரைக் கண்டால் அன்புடன் தடுங்கள்.

செய்து பாருங்கள்

வெள்ளைத்தாளில் 3 மி.மீ. அகலமுள்ள இரு கருங்கோடுகளை 3 மி.மீ. இடைவெளியில் வரையுங்கள். தாளைப் பள்ளிச் சுவரில் ஒட்டிப் பின்னோக்கி நடந்து செல்லுங்கள். எந்தத் தொலைவில் இரு கோடுகளும் ஒன்றாகின்றன? சுமார் 10 மீட்டர் என்று வந்தால் உங்கள் பார்வை நன்று. மிகவும் குறைந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள்: 10 மடங்கு உருப்பெருக்கமுள்ள கருவியைக் கொண்டு, நாரையின் அலகு இடைவெளியை அதிக அளவாக எத்தனை மீட்டர் தொலைவிலிருந்து காணலாம்? விடையைக் குறிப்பேட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் புறப்படுங்கள்.