ஊரறிந்த வாழ்வு

நம் கல்லூரியிற் பயிலும் மாணவரை நோக்கி, "நும் ஊர் யாது?" என்று வினவினால், அவருட் பலர் மாநகர் ஒன்றன் பெயரைக் கூறுவதில்லை, உழவர் குடிகள் மட்டும் வாழும் சிற்றூரின் பெயரைக் கூறுவதும் இல்லை. கடைத்தெரு ஒன்று, வாரச்சந்தை ஒன்று, உயர்நிலைப் பள்ளி ஒன்று, பேருந்துகள் நின்று செல்லும் இடம் ஒன்று ஆகிய இவற்றை உடையதாய், நாற்புறமும் வயலும் காடும் சூழக் கிடக்கும் சிறு நகர் ஒன்றன் பெயரையே கூறுவர். மாநகரத்தார்க்கு அஃது ஒரு பட்டிக்காடு. சுற்றுப்புறச் சிற்றூரார்க்கோ அதுவே பட்டணம். இங்ஙனம் இரண்டற்கும் நடுவே நிற்பதனாற்போலும், அதன் வாழ்க்கை எத்தகையது என்பதைப் பற்றி நம்மில் பலர் ஆழ்ந்து எண்ணுவதில்லை. விடுமுறை வந்ததும் அங்கே செல்கின்றோம். விடுமுறை கழிந்ததும் மீளுகின்றோம். அவ்வாழ்க்கையின் இயல்பையும், அதன் நலந்தீங்குகளையும், அதன்பால் நமக்குள்ள கடமையையும் ஓர் ஊரைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

யாம் எடுத்துக்கொண்ட ஊர் எட்டயபுரம். அது தூத்துக்குடி மாவட்டத்தில், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதனைச் சூழ்ந்த நிலம் கரிசல். கரிசல் மண்ணின் இயல்பை அறிந்தாலன்றி அங்கு வாழும் மக்களின் இயல்பை அறிதல் அரிது. கோடையில் அம்மண் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் நீரை உண்டு பருத்து, வெடிப்புக்கள் மூடிக்கொள்ளும். கால் வைத்தாரை எளிதில் விடாது. உண்ட நீரை நெடுநாள் தன்னகத்தே காத்துப் பயிருக்கு ஊட்டுதலால், ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத அவ்விடத்தும் பருத்தியும், கம்பும் சோளமும், உளுந்தும் பாசியும், மல்லியும் மிளகாயும் விளைகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பியவை. ஐப்பசி கார்த்திகையில் மழை பொய்த்தால் உழவர் மட்டும் இடர்ப்படுவதில்லை. விதை விற்றவரும், துணிக்கடைக்காரரும், வட்டிக்குக் கொடுத்தவரும், தேநீர்க்கடை வைத்தவரும் ஒருங்கே இடர்ப்படுவர். சிறு நகரின் முதல் இயல்பு இதுவே: அங்கே ஒருவர் குறை அவரோடு நில்லாது.

அவ்வூரில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தை புகழ் பெற்றது. தீபாவளி, பக்ரீத் முதலிய திருநாள்களுக்கு முன்னே அங்குக் கூடும் கூட்டம் சொல்லுந்தரத்ததன்று. வாங்க வந்தவர் ஆட்டை இரு கையாலும் தூக்கி, எடை இவ்வளவு என மதிப்பர். தரகர் இருபாலும் பேசி விலையை இசைவிப்பர். ஆட்டின் எடையை மதிக்கும் அவர்கள் கொண்டுவந்தவரின் எடையையும் மதிக்கின்றனர் என்பதை உற்று நோக்கினார் அறிவர். 'இவர் இன்னாருடைய மகன்; சொன்ன சொல் மாறாதவர்' என்பது அறிந்தால் பேச்சு விரைவில் முடியும். அறியாதவரிடத்து நெடும் பொழுது செல்லும்.

ஆதலின் சிறு நகர வாழ்க்கையின் உயிர்நிலை யாதென வினவின், ஒருவரை ஒருவர் அறிந்திருத்தலே என்போம். மாநகரில் அடுத்த வீட்டார் பெயர் தெரியாது பத்தாண்டு வாழ்தல் கூடும். இங்கே அயலான் ஒருவன் பேருந்தினின்று இறங்கினால், அவன் யார் வீட்டுக்கு வந்தான் என்பது அவன் அவ்வீட்டை அடையுமுன் தெருவெங்கும் தெரிந்துவிடும். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே அங்கு எழும் முதல் வினா. இவ்வினா ஒன்றிலேயே அவ்வாழ்க்கையின் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன என்பது எம் துணிபு.

முதற்கண் நன்மையைக் காண்போம். யாம் அறிந்த மாணவர் ஒருவர் கரிசற் பகுதியின் மற்றொரு சிறு நகரினர். அவர் தந்தையார் பலசரக்குக் கடை வைத்திருந்தார். காடு விளைந்து பருத்தி விற்றபின் பணந்தரும் வழக்கமுடையார்க்குக் கடன் கொடுத்து, அதனைச் சிட்டை ஒன்றிற் குறித்து வருவார். மாணவர் இரண்டாம் ஆண்டு பயிலுங்கால் தந்தையார் திடீரென இறந்தார். சிட்டையை எடுத்துப் பார்த்தபோது, அதில் ஆட்பெயர்கள் முழுமையாக இல்லை. 'கிணற்றடி', 'மேலத்தெருப் பெரியவர்', 'வண்டிக்காரர்' என்ற குறிப்புக்களும் தொகைகளுமே இருந்தன. அவற்றின் பொருளை அறிந்தவர் இறந்தவர் ஒருவரே. வரவேண்டியது அனைத்தும் போயிற்றென்று தாயார் கலங்கினார். ஆனால் கருமாதி கழிந்த மறுநாள் முதல், கடன் பட்டோர் ஒருவர்பின் ஒருவராகத் தாமே வந்து, "அண்ணாச்சியிடம் நான் இவ்வளவு தரவேண்டும்" என்று கூறிக் கொடுத்துச் சென்றனர். முதன்முதல் வந்தவர் 'மேலத்தெருப் பெரியவர்'. சிட்டையில் எழுதாது விடுபட்ட தொகையையும் சேர்த்தே அவர் கொடுத்தார். மாணவரின் படிப்பு அதனால் நின்றுபோகாது தொடர்ந்தது. எந்தச் சட்டமும் எந்த நீதிமன்றமும் பெற்றுத் தந்திருக்கலாகாத பணம் அது. ஊர் அறிந்திருத்தல் பெற்றுத் தந்தது.

நிற்க. மறுபக்கத்தையும் மறையாது கூறுதல் வேண்டும். அம்மாணவரோடு பயின்ற நண்பர் ஒருவர், அவ்வூர்ப் பள்ளிக்கே ஆசிரியராக நியமனம் பெற்று வந்தார். குடியிருக்க வீடு தேடினார். சென்ற இடமெல்லாம், "எந்த ஊர்? யார் மகன்?" என அன்போடு கேட்டனர், மோரும் கொடுத்தனர். பிறகு, நேரே கேட்கலாகாத மூன்றாவது வினாவைச் சுற்றி வளைத்துக் கேட்டனர். அவருடைய சாதி இன்னதென்பது மாலைக்குள் தெரு முழுதும் தெரிந்துவிட்டது. காலியாயிருந்த வீடுகளெல்லாம் ஒரே நாளில் 'உறவினர்க்கென்று ஒதுக்கியவை' ஆயின. அங்ஙனம் மறுத்தவருள் முதல்வர் அதே மேலத்தெருப் பெரியவர். ஆசிரியர் நாள்தோறும் நெடுந்தொலைவிலிருந்து பேருந்தில் வந்து போகலானார். மாணவரோ, தம் குடும்பத்தைக் காத்த கையே நண்பரைத் தடுத்தது கண்டு வாய்திறக்க இயலாதவரானார்.

அன்பர்களே, இவ்விரு நிகழ்ச்சிகளையும் இருவேறு குணங்களின் விளைவென்று எண்ணுதல் தவறு. கடனைத் தானே வந்து தீர்க்கச் செய்ததும், கதவை அடைக்கச் செய்ததும் 'ஊர் என்ன சொல்லும்?' என்ற ஒரே எண்ணமே. அறிந்தாரைத் தாங்குவதும் அறியாரைத் தள்ளுவதும் ஒரே கையின் இரு செயல்கள். பெண்மக்கள் இதனை நம்மினும் நன்கு அறிவர். மகள் மேற்படிப்பிற்குச் செல்வதும், மாலை காலந்தாழ்த்து வீடு திரும்புவதும் சிறு நகரில் ஒரு குடும்பத்தின் செய்தியாக மட்டும் நிற்பதில்லை. ஒருவன் ஒருகாற் செய்த பிழையையும், தொழிலில் அடைந்த தோல்வியையும் அவ்வூர் அவன் பேரன் காலம்வரை நினைவில் வைத்திருக்கும்.

இனி, எட்டயபுரத்தின் வரலாறு இதுபற்றி யாது கூறுகின்றதெனக் காண்போம். சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடத்துத் தமிழ் கற்று, அவ்வூர் அரசவையிற் சிறந்து விளங்கினார் என்பர். அவர் அடக்கத்தலம் இன்றும் அங்குள்ளது. இசை வல்லார் முத்துசாமி தீட்சிதர் 1835இல் தம் வாழ்வை நிறைவு செய்ததும் அவ்வூரிலேயே. அவர் இளவல் பாலுசாமி தீட்சிதர் வழிவந்த சுப்பராம தீட்சிதர், சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலை 1904இல் வெளியிட்டபோது, அஃது அச்சேறியது சென்னையில் அன்று, எட்டயபுரத்து அச்சகத்திலேயாம். பிற சமயத்தாரையும் பிற ஊராரையும் ஏற்றுப் போற்றும் ஆற்றல் சிறு நகருக்கு இயற்கையில் இல்லாததன்று என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் அவர்க்குத் திறந்தது ஊரின் கதவன்று; அரண்மனையின் கதவு. அஃது ஒன்றே கதவாயின் நேரும் இடரைப் பாரதியார் வாழ்க்கை காட்டுகின்றது.

பாரதியார் 1882 டிசம்பர் 11ஆம் நாள் அங்குப் பிறந்தார். இளமையிலேயே 'பாரதி' என்னும் பட்டத்தை அவ்வூர் அவர்க்கு வழங்கியது. தந்தையார் சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை நடத்த முயன்று பொருளிழந்து, 1898இல் மறைந்தார். மகனார் காசிக்குச் சென்று பயின்று மீண்டு, அரண்மனையிற் சிலகாலம் பணி செய்து, 1904இல் அவ்வூரை விட்டு நீங்கினார். பின்னர் 1919இல் கடையத்தில் வறுமையுற்றிருந்த காலை, உதவி வேண்டி எட்டயபுரத்து ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். உதவி கிட்டவில்லை. அடுத்த ஆண்டு சென்னை சென்றார், 1921இல் மறைந்தார். ஒருவர் மனத்தை நம்பிய ஊரில், அம்மனம் திரும்பாதபோது செல்ல வேறு வாயில் இல்லை. 1947இல் அவ்வூரில் பாரதியார்க்கு மணிமண்டபம் எழுந்ததோவெனின், கல்கி ஆசிரியர் கிருஷ்ணமூர்த்தியின் வேண்டுகோட்கிணங்கிப் பொதுமக்கள் அனுப்பிய நன்கொடைகளால் எழுந்தது. சிறு தொகைகள் பல சேர்ந்தன; ஒரு பெருங்கதவு செய்யாததைப் பல கைகள் செய்தன.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்தாரி முறை ஒழிந்தது. அதற்கு நெடுநாள் முன்னரே, 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இட்ட இருப்புப் பாதை எட்டயபுரத்தைத் தொடாது கோவில்பட்டி வழியே சென்றமையால், ஆலைகளும் பெருவணிகமும் அங்கே சேர்ந்தன. தீப்பெட்டித் தொழில் இவ்வட்டாரம் எங்கும் பரவி, மழையை நம்பிய வீடுகளுக்குக் கூலி தந்தது. அக்கூலிக்காகச் சிறுவர் சிறுமியர் பள்ளியை விட்ட கொடுமையும் நிகழ்ந்தது. 1986இல் வந்த சட்டம் அத்தொழிலில் சிறாரை அமர்த்துதலைத் தடை செய்தது. படித்த இளைஞரோ சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். செல்லுதல் குற்றமன்று, பாரதியாரும் சென்றவரே. ஆயினும் சென்றவர் ஊர்க்கு எதனைத் திருப்பித் தந்தார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

மேற்கூறிய மாணவர் செய்ததைச் சொல்லி முடிக்கின்றோம். அடுத்த விடுமுறையில் அவர் தம் தாயார் இசைவைப் பெற்று, கடையின் பின்புறத்து அறைகள் இரண்டினைத் துப்புரவு செய்து, நண்பராகிய ஆசிரியர்க்கு வாடகைக்கு விட்டார். தெருவார் பேசினர். கடைக்கு வருவோர் சில நாள் குறைந்தனர். தாயார், "இவர் என் மகனோடு படித்தவர், உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வந்திருக்கிறார்" என்பதன்றி வேறொன்றும் கூறவில்லை. பொதுத்தேர்வு நெருங்கியபொழுது பிள்ளைகள் மாலையில் அவ்வறைக்கு வரத் தொடங்கினர். பின்னர்ப் பெற்றோரும் கடைக்கு வந்தனர். எல்லோரும் வந்தனர் என்று கூற இயலாது. பெரியவர் இன்றும் வேறு கடையிலேயே வாங்குகின்றார்.

இதனையே வேற்றூரிலிருந்து வந்த ஒருவர் செய்திருப்பின், ஊர் ஒருநாளும் பொறுத்திராது. அம்மாணவர் இன்னார் மகன் என்பதை ஊர் அறிந்திருந்தமையாலேயே பொறுத்தது. தந்தையார் பலர்க்குக் கொடுத்த கடனால் ஈட்டிய நன்மதிப்பை மகனார் இங்ஙனம் செலவிட்டார். சிறு நகரிலிருந்து வந்த நம் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய முதல் உண்டு. உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத அண்டை வீட்டுப் பெண்ணுக்கு நிரப்பித் தருதலிலும், பூட்டிக் கிடக்கும் ஊர் நூலகத்தைத் திறக்கும்படி முறையிடுதலிலும், நம் வீட்டில் ஓர் அறை காலியாகுங்கால் அம்மூன்றாவது வினாவைக் கேளாதிருத்தலிலும் அம்முதலைச் செலவிடலாம்.

வரும் விடுமுறையில் பேருந்து நம்மை அவ்விடத்தில் இறக்கிவிடும்போது, எதிர்ப்படும் முதியவர் ஒருவர் நம் முகத்தை நோக்கி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பர். மகிழ்ச்சியோடு விடை கூறுவோம். நமக்குப் பின்னே, யாரும் அறியாத ஒருவர் பெட்டியோடு இறங்கி நிற்பராயின், அவரையும் நம்முடன் அழைத்துச் செல்வோம்.